திராட்சைக் கொடியும் வானத்தின் கணக்கும்

மலர்க் குழு நண்பர்கள் ஒரு வரலாற்றுக் கட்டுரை கேட்டார்கள். சோழர் காலத்தையும் விஜயநகரத்தையும் பற்றி எழுத என்னைவிடத் தேர்ந்தவர்கள் நம் பழைய மாணவர்களில் நிறையப் பேர் உண்டு. ஆகவே நான் கொஞ்சம் தூரமாகப் போய், பிரான்சு நாட்டு ஒயினைப் பற்றி எழுதலாம் என்று எண்ணினேன். உடனே புருவத்தை உயர்த்த வேண்டாம். சொல்லப்போவது குடியைப் பற்றி அல்ல, வானத்தைப் பற்றி. நானும் ஒரு சொட்டு தொட்டதில்லை!

பிரெஞ்சு ஒயின் பாட்டிலின் லேபிளில் ஓர் ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். அது பாட்டிலில் அடைத்த ஆண்டு அல்ல; திராட்சை பறித்த ஆண்டு. இதைத்தான் 'விண்டேஜ்' என்கிறார்கள். அதே தோட்டம், அதே மண், அதே கொடி, அதே தொழிலாளிகள். ஆனாலும் ஓர் ஆண்டின் ஒயின் பொன் விலைக்குப் போகும். அடுத்த ஆண்டினுடையதைக் கேட்க ஆள் இருக்காது. நடுவில் மாறியது என்ன? வானிலை ஒன்றுதான்.

வெப்ப நாடுகளில் திராட்சை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே மாதிரி பழுத்துவிடும். ஆனால் போர்தோ 45-ஆவது அட்சரேகையை ஒட்டி இருக்கிறது. பர்கண்டி அதற்கும் வடக்கே. அங்கெல்லாம் திராட்சை பழுப்பதே ஓர் இழுபறி. கோடையில் வெயில் கொஞ்சம் குறைந்தாலும் காய் புளிப்பாகவே நின்றுவிடும். போதாக்குறைக்கு, பெயர்பெற்ற வட்டாரங்கள் பலவற்றில் கொடிக்கு நீர் பாய்ச்சவும் கட்டுப்பாடு உண்டு. வானம் தந்ததை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும்.

ஓர் ஆண்டின் ஓட்டத்தைப் பாருங்கள். மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் கொடி துளிர்க்கும். அப்போது ஒரே ஓர் இரவு உறைபனி விழுந்தால் போதும், துளிர் கருகிவிடும். அதனால் விவசாயிகள் இரவெல்லாம் கண்விழித்து, வரிசை வரிசையாகப் பெரிய மெழுகுத் தீபங்களை ஏற்றித் தோட்டத்துக்குச் சூடு காட்டுவார்கள். ஜூன் மாதம் பூக்கும். அந்த நாட்களில் குளிரும் மழையும் சேர்ந்தால் பூ உதிரும், பிஞ்சு நிற்காது. ஜூலை, ஆகஸ்டில் வெயில் ஏற ஏறப் பழத்தில் சர்க்கரை கூடும், புளிப்பு குறையும், தோல் நிறம் பிடிக்கும். பூத்து ஏறக்குறைய நூறு நாளில் அறுவடை. அந்தக் கடைசி வாரங்களில் மழை கொட்டினால் பழம் நீர் கோத்து ஊதிவிடும், சாறு நீர்த்துப்போகும், பூஞ்சையும் பிடிக்கும். நடுவில் ஆலங்கட்டி மழை வந்தால் கேட்கவே வேண்டாம். பத்து நிமிஷத்தில் ஒரு வருஷப் பிழைப்பு தரையில் கிடக்கும்.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. போர்தோவுக்குத் தெற்கே சோத்தேர்ன் என்று ஒரு வட்டாரம். சிரோன் என்ற சிற்றாற்றின் குளிர்ந்த நீரால் இலையுதிர் காலத்தில் அங்கே காலையில் மூடுபனி, பிற்பகலில் வெயில். மற்ற இடங்களில் பழத்தை அழுகவைக்கும் அதே பூஞ்சை, இங்கே பழத்தின் நீரைச் சுண்டவைத்து இனிப்பைத் திரட்டுகிறது. உலகின் விலையுயர்ந்த இனிப்பு ஒயின்கள் இப்படித்தான் உண்டாகின்றன. 1811-இல் வானில் பெரிய வால்நட்சத்திரம் தெரிந்தது. அந்த ஆண்டு ஒயினும் அருமையாக அமைந்தது. சனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு 'வால்நட்சத்திர ஒயின்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். அந்த ஆண்டின் சோத்தேர்ன் பாட்டில் ஒன்று 2011-இல் 75,000 பவுனுக்கு விலைபோனது. புகழ் வால்நட்சத்திரத்துக்குப் போனாலும், உழைத்தது அந்த ஆண்டின் வெயில்தான்.

இருபதாம் நூற்றாண்டிலும் இந்தக் கண்ணாமூச்சி தொடர்ந்தது. 1945 மே மாதத் தொடக்கத்தில் போர்தோவில் உறைபனி விழுந்து விளைச்சல் சுருங்கியது. ஆனால் பின்னால் வந்த வெயிலில், மிஞ்சிய கொஞ்சப் பழமும் சாறு திரண்டு, போர் முடிந்த அந்த ஆண்டின் ஒயின் நூற்றாண்டின் தலைசிறந்தவற்றில் ஒன்றாக ஆனது. 1961-இலும் இதே கதை: வசந்தத்தில் இழப்பு, கோடைக் கடைசியில் வறட்சி, கொஞ்சமே விளைந்த அபாரமான ஒயின். 1956 பிப்ரவரிக் கடுங்குளிரிலோ கொடிகளே பட்டுப்போயின. சேந்த் எமிலியோன், பொமரோல் பக்கம் பல தோட்டங்களை மறுபடி நட வேண்டியதாயிற்று.

இதை ஒரு சூத்திரமாக்க முடியுமா என்று பார்த்தவர் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகப் பொருளாதாரப் பேராசிரியர் ஓர்லி ஆஷென்ஃபெல்ட்டர். முந்தைய குளிர்காலத்து மழை அதிகமானால் நல்லது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வெப்பம் அதிகமானால் நல்லது. ஆகஸ்ட், செப்டம்பர் மழை அதிகமானால் கெட்டது. இந்த மூன்று எண்களை வைத்தே போர்தோ ஒயினின் பிற்கால விலையைக் கணிக்கலாம் என்றார். நாக்கில் விட்டுச் சுவைத்துத் தீர்ப்புச் சொல்லும் நிபுணர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனால் அவர் மெச்சிய 1989-உம் 1990-உம் பின்னாளில் நல்ல பெயரே எடுத்தன.

சரி, இதில் வரலாறு எங்கே வருகிறது என்கிறீர்களா? இனிமேல்தான்.

முற்காலத்தில் பிரான்சில் அவரவர் இஷ்டத்துக்குத் திராட்சை பறிக்க முடியாது. பழம் பழுத்ததைப் பார்த்து, ஊர் அதிகாரிகள் நாள் குறித்து அறிவிப்பார்கள். திருட்டைத் தடுக்கவும், அவசரக்காரர்கள் காயாகப் பறித்து ஊர்ப் பெயரைக் கெடுக்காமல் இருக்கவும், தசமபாகம் வசூலிக்க வசதியாக இருக்கவும் இந்த ஏற்பாடு. அந்தத் தேதிகள் பதிவேடுகளில் ஏறின. வெயில் காய்ந்த ஆண்டில் பழம் சீக்கிரம் பழுக்கும், தேதி முந்தும். குளிர்ந்த ஆண்டில் தேதி பிந்தும். அப்படியானால் அந்தப் பதிவேடு ஒரு தெர்மாமீட்டர் ஆகிறது அல்லவா?

இந்த வழியை வரலாற்று மாணவர்களுக்குப் பெரிய அளவில் திறந்துவிட்டவர் எம்மானுவேல் லெ ரோய் லதுரி. கி.பி. 1000 முதலான பருவநிலையின் வரலாற்றை 1967-இல் நூலாக வெளியிட்டார். 2023-இல் காலமானார். தேதி பிந்தினால் உடனே குளிர் என்று முடிவு கட்டக்கூடாது என்றும் அவர் எச்சரித்தார். போர், கொள்ளைநோய், இன்னும் இனிப்பாகட்டும் என்ற முதலாளியின் ஆசை, எதுவும் காரணமாக இருக்கலாம். அதனால் பல ஊர்க் கணக்குகளை ஒப்பிட்டே பேச வேண்டும். வரலாற்றுப் பாடம் என்றால் இதுதான் பாடம்.

பர்கண்டியில் போன் என்று ஓர் ஊர் (டெலிபோன் அல்ல!). அங்குள்ள நோத்ர் தாம் தேவாலயத்தில், பழம் பறிக்க வந்த ஆட்களுக்குக் கொடுத்த கூலியை எழுதிவைத்தார்கள். அந்தக் கூலிக் கணக்கையும், நகரசபைக் குறிப்புகளையும், பிற்காலச் செய்திகளையும் சேர்த்து, தோமா லபே என்ற வரலாற்றாளரும் அவர் கூட்டாளிகளும் 1354 முதல் 2018 வரை அறுவடைத் தேதிகளின் வரிசையை 2019-இல் வெளியிட்டார்கள். 664 ஆண்டுகள்! பாரிசில் 1659 முதல் கிடைக்கும் வெப்பநிலை அளவுகளோடு அதைச் சரிபார்க்கவும் செய்தார்கள்.

பழைய அறுவடைத் தேதிகளில் பல துயரங்கள் பதிந்திருக்கின்றன. 1815-இல் இந்தோனேசியாவில் தம்போரா எரிமலை வெடித்தது. அதன் தூசும் புகையும் வெயிலை மறைக்க, 1816 ஐரோப்பாவுக்குக் கோடையே இல்லாத ஆண்டாயிற்று. பிரான்சில் பல இடங்களில் அக்டோபர் பிற்பாதி வரை அறுவடை இழுத்தது. புளித்த பழம் ஒரு பக்கம், ரொட்டிப் பஞ்சம் மறுபக்கம்.

ஆனால் கணக்கின் கடைசிப் பக்கம்தான் நெஞ்சைத் தொடுகிறது. 1354 முதல் 1987 வரை போனில் அறுவடை சராசரியாக செப்டம்பர் 28-இல் தொடங்கியது. 1988-க்குப் பின் சராசரி 13 நாள் முந்திவிட்டது. முன்பு எப்போதோ ஒருமுறை வந்த வெக்கையான ஆண்டு, இப்போது வழக்கமான ஆண்டு. ஏறக்குறைய பதினைந்தாயிரம் பேரைப் பிரான்சில் பலிகொண்ட 2003 வெப்ப அலையில், பர்கண்டியில் ஆகஸ்டிலேயே பறிக்க வேண்டியதாயிற்று.

வெப்பம் கூடினால் ஒயின் நல்லதுதானே என்று கேட்கலாம். ஓர் அளவு வரைதான். அதற்கு மேல் போனால் புளிப்பு வற்றிவிடும், சர்க்கரை ஏறிச் சாராய வீரியம் கூடிவிடும், பழம் வெந்த வாடை வரும். குளிர்காலம் இளகுவதால் கொடி முன்னதாகவே துளிர்த்து, ஏப்ரல் உறைபனியிடம் மாட்டிக்கொள்வதும் நடக்கிறது. 2021 ஏப்ரலில் அப்படித்தான் பிரான்சு முழுவதும் தோட்டங்கள் கருகின. அதே ஆண்டு, வெப்பம் தாங்கும் ஆறு புதிய திராட்சை வகைகளைப் போர்தோவில் சோதனையாக அனுமதித்தார்கள். தலைமுறை தலைமுறையாக 'எங்கள் மண், எங்கள் கொடி' என்று பெருமை பேசிய ஊர் அது. கொடியையே மாற்ற நேர்ந்தால் அந்தப் பெயருக்கு என்ன பொருள் மிஞ்சும் என்பதுதான் இன்று அந்த விவசாயியின் கவலை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. தேவாலயத்துக் கணக்கர் பருவநிலை ஆராய்ச்சி செய்யவில்லை. கூலி கொடுத்ததற்குக் கணக்கு எழுதினார், அவ்வளவுதான். ஆனால் தேதி தவறாமல் எழுதினார். பின்வந்தவர்கள் அதைக் குப்பையில் போடாமல் வைத்தார்கள். அந்த இரண்டு காரியமும் நடந்ததால்தான் இன்று பூமி சூடாகிறதா என்ற கேள்விக்கு அறுநூறு ஆண்டுச் சாட்சி கிடைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலோ ஊர்ப் பெட்டகத்திலோ பழைய கணக்கு நோட்டு ஏதும் இருந்தால், எடைக்குப் போடுமுன் ஒருமுறை புரட்டிப் பாருங்கள். தேதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.