போலி மருந்து பெற்றெடுத்த மருந்து

பழுப்புக் கண்ணாடிப் பாட்டில். உள்ளே நல்லெண்ணெய், கொஞ்சம் ஆல்கஹால், குழந்தைகள் துப்பிவிடாமல் இருக்க ஸ்ட்ராபெரி மணம். அந்த எண்ணெயில் மில்லிக்கு 100 மில்லிகிராம் வீதம் கன்னாபிடியால் கரைந்திருக்கிறது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்தெடுத்தது. போதை ஏற்றுவது அதே செடியிலுள்ள டி.எச்.சி.; கன்னாபிடியாலுக்கு அந்தக் குணம் இல்லை. எபிடியோலெக்ஸ் என்ற இந்த வலிப்பு மருந்துக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018 ஜூனில் அனுமதி கொடுத்தது.

கஞ்சா வலிப்பை அடக்கும் என்பது அப்போது கண்டுபிடித்த சங்கதி அல்ல. கல்கத்தாவில் ஓஷானஸி என்ற மருத்துவர், ஃபிட்ஸ் வந்த கைக்குழந்தைக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1840-களிலேயே எழுதிவைத்தார். 1980இல் பிரேசிலின் எலிசால்டோ கார்லினியும் இஸ்ரேலின் ரஃபேல் மெஷூலமும் உட்பட்ட ஒரு குழு, வேறு மருந்துகளுக்கு அடங்காத 15 நோயாளிகளிடம் சோதனை நடத்தியது. கன்னாபிடியால் சாப்பிட்ட 8 பேரில் 4 பேருக்கு வலிப்பு ஏறக்குறைய நின்றேவிட்டது. 3 பேருக்கு ஓரளவு குறைந்தது. ஒப்பிடுவதற்காக, மருந்தே சேராத போலி மருந்து சாப்பிட்டவர்களில் தேறியவர் ஒரே ஒருவர்.

அப்புறம் முப்பது வருஷம் கிணற்றில் போட்ட கல். சோதனை சிறியது, செடி சட்டவிரோதமானது. இந்த இரண்டில் பெரிய தடை இரண்டாவதுதான் என்பது என் எண்ணம்.

கல்லை வெளியே எடுத்தவர்கள் பெற்றோர். வலிப்பு நோயாளிகளில் மூன்றில் ஒருவருக்கு, சரியாகத் தேர்ந்தெடுத்த இரண்டு மருந்துகளைக் கொடுத்தும் நோய் அடங்குவதில்லை. டிராவே நோய் என்ற வலிப்பு வகை அதிலும் பொல்லாதது. பிறந்த முதல் வருஷத்திலேயே, பெரும்பாலும் காய்ச்சலோடு சேர்ந்து, தொடங்கிவிடும். கஞ்சா எண்ணெயால் கொலராடோவில் ஒரு டிராவே சிறுமிக்கு வலிப்பு வெகுவாகக் குறைந்ததை 2013இல் சி.என்.என். காட்டியதும், வீடு வாசலை விட்டுவிட்டுப் பல குடும்பங்கள் அந்த மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தன.

அங்கே மருத்துவர்கள் 75 குழந்தைகளின் விவரத்தைத் திரட்டி 2015இல் வெளியிட்டார்கள். வலிப்பு பாதிக்குமேல் குறைந்ததாகச் சொன்னவர்கள், உள்ளூர்க் குடும்பங்களில் 22 சதவீதம். குடிபெயர்ந்து வந்தவர்களில் 47 சதவீதம். எண்ணெய் அதேபோன்றதுதான். அவ்வளவு தூரம் வந்தவர்களின் நம்பிக்கை மட்டும் கனமாக இருந்திருக்கிறது. யாரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. வலிப்பை எண்ணும் தாய் நல்லதைத்தானே எதிர்பார்த்து எண்ணுவாள்?

அதனால்தான் போலி மருந்து தேவைப்பட்டது. பிரிட்டனின் ஜி.டபிள்யூ. நிறுவனம் மருந்து தயாரிக்க, நியூயார்க்கின் ஆரின் டெவின்ஸ்கி தலைமையில் டிராவே நோயுள்ள 120 பேர் சோதனையில் சேர்க்கப்பட்டார்கள். வழக்கமான மாத்திரைகள் எதையும் நிறுத்தவில்லை. அவற்றோடு 61 பேருக்குக் கன்னாபிடியால், 59 பேருக்கு மருந்து சேர்க்காத திரவம், 14 வாரம். யார் கையில் எது என்று பெற்றோருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது. மகனோ மகளோ வெறும் எண்ணெயைக் குடிக்கிறார்களோ என்ற சந்தேகத்தோடு மூன்று மாதத்துக்குமேல் வலிப்புக் கணக்கு எழுதுவது லேசான காரியமா?

முடிவு 2017 மே மாதம் வெளியானது. கன்னாபிடியால் குழுவின் இடைநிலைக் கணக்கு மாதத்துக்கு 12.4 வலிப்பிலிருந்து 5.9ஆக இறங்கியது. மற்றக் குழுவில் 14.9, 14.1 என்று கிட்டத்தட்ட அங்கேயே நின்றது. ஆனால் பிள்ளையின் நிலை தேறியிருக்கிறது என்று சொன்னவர்கள் இரண்டாவது குழுவிலும் 34 சதவீதம் இருந்தார்கள். முதல் குழுவில் 62. இடையிலுள்ள அந்த வித்தியாசம்தான் மருந்தின் சொந்தச் சம்பாத்தியம்.

அதற்கு விலையும் இருந்தது: வயிற்றுப்போக்கு, தூக்கம், சிலருக்கு ஈரல் நொதிகளின் ஏற்றம். வலிப்பு அடியோடு நின்றவர்கள் கன்னாபிடியால் குழுவிலேயே 5 சதவீதம்தான். இன்னொரு சிக்கலும் உண்டு. பலர் ஏற்கெனவே சாப்பிட்டுவந்த குளோபசாம் என்ற வலிப்பு மருந்தின் வீரியத்தைக் கன்னாபிடியால் உடம்புக்குள் கூட்டிவிடுகிறது. அப்படியானால் வலிப்பைக் குறைத்ததில் எதற்கு எவ்வளவு பங்கு? குளோபசாமோடு சேர்த்துக் கொடுப்பதை எஃப்.டி.ஏ. ஒரு நிபந்தனையாக்கவில்லை. ஐரோப்பா 2019 செப்டம்பரில் அனுமதித்தபோது, டிராவே நோய்க்குக் குளோபசாமோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்று எழுதிவிட்டது.