புழு வீட்டுக்கு வந்த பரிசோதகர்

ஆரணி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இரண்டு. ஒன்று பட்டு, இன்னொன்று அரிசி. திருவண்ணாமலை மாவட்டத்தில் கமண்டல நாகநதிக் கரையில் இருக்கும் இந்த ஊரின் பட்டுச் சேலைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. ஆனால் இந்தக் கட்டுரை சேலையைப் பற்றியது அல்ல. சேலை நெய்யப்படும் வீட்டின் சுவரைப் பற்றியது. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்தச் சுவரில் ஏறும் ஓதமும், அதன் பின்னாலேயே வந்து சேரும் பூசணமும்தான் விஷயம்.

வீட்டில் பூஞ்சை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வது அமெரிக்கா போன்ற நாடுகளில் ஒரு தனித் தொழில். ஆள் வருவார், ஈரமானியைச் சுவரில் வைப்பார், காற்றைக் கொஞ்சம் பிடித்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார், அறிக்கை தருவார், பில் போடுவார். "சுவரில் பூசணம் பூத்ததுக்கெல்லாம் ஒரு பரிசோதகரா?" என்று நம் ஊரில் சிரிப்பார்கள். ஆனால் இந்தத் தொழிலின் வரலாற்றைத் தோண்டினால் அது பட்டில் போய் முடிகிறது என்பதுதான் ஆச்சரியம்!

குழித்தறியும் ஈரமும்

ஆரணியில் இப்போது விசைத்தறிகளும் வந்துவிட்டன. என்றாலும் கைத்தறி நெசவின் அடையாளம் குழித்தறிதான். வீட்டுத் தரையில் ஒரு குழி. நெசவாளி குழியின் ஓரத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் விட்டு மிதிபலகையை மிதிப்பார். பாவு தரைக்குச் சற்று மேலே நீண்டிருக்கும்.

ஏன் குழி? இடம் மிச்சம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஈரம். காற்று ரொம்பக் காய்ந்திருந்தால் பட்டு இழை அடிக்கடி அறுந்துபோகும். குழியிலிருந்து மேலே வரும் லேசான ஈரம் பாவைப் பதமாக வைத்திருக்கும். ஆக, அந்த வீட்டில் ஈரம் என்பது தற்செயலாக வந்த குறை மட்டும் அல்ல. நூலுக்கு அது தேவை.

ஆனால் நூலுக்கு நல்லது எல்லாம் ஆளுக்கு நல்லது ஆகிவிடாது. வடகிழக்குப் பருவமழையில் நிலத்தடி நீர் ஏறும்போது குழியிலும் நீர் ஊறும். வேலை நின்றுவிடும். தெருவில் பாவு நீட்டவும் முடியாது. ஜன்னலைத் திறந்தால் சாரல் நூலைக் கெடுக்கும், மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகாது. அதே அறையில்தான் சமையல், படுக்கை, குழந்தைகளின் படிப்பு எல்லாம் நடக்கிற வீடுகளும் உண்டு. பூஞ்சைக்கு வேண்டியது ஈரமும் சாப்பிட ஏதாவது ஒரு பொருளும்தான். மரம், அட்டை, பஞ்சு, தூசி என அங்கே எல்லாமே இருக்கிறது.

முதல் பரிசோதகர் ஒரு பூசாரி

வீட்டைப் பூசணத்துக்காகச் சோதிக்கும் வழக்கத்துக்கு மிகப் பழைய எழுத்துச் சான்றுகளில் ஒன்று பைபிளில் இருக்கிறது. லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தில், வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழி விழுந்த திட்டுகள் தெரிந்தால் வீட்டுக்காரர் ஆசாரியரிடம் சொல்ல வேண்டும். அவர் வந்து பார்த்து, வீட்டை ஏழு நாள் பூட்டி வைத்து, மறுபடியும் பார்ப்பார். திட்டு பரவியிருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டிப் புதிதாகப் பூசச் சொல்வார். அப்புறமும் வந்தால் வீட்டையே இடிக்க வேண்டியதுதான். பரிசோதனை, காத்திருப்பு, சீரமைப்பு, மறுபரிசோதனை என்ற இந்த வரிசை இன்றைய பரிசோதகர்களின் நடைமுறையிலிருந்து பெரிதாக மாறிவிடவில்லை.

ஆனால் ஏன் நோய் வருகிறது என்ற காரணம் யாருக்கும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு புழு தேவைப்பட்டது.

சுண்ணாம்பாக மாறிய புழுக்கள்

இத்தாலியின் லோடி நகருக்கு அருகே 1773-ல் பிறந்தவர் அகோஸ்டினோ பாஸ்ஸி. சட்டம் படித்தவர். அந்தக் காலத்தில் அங்கே பட்டுப்புழு வளர்ப்பவர்களை ஒரு நோய் வாட்டியது. செத்த புழுவின் உடம்பு விறைத்து, வெள்ளை மாவு பூத்து, சுண்ணாம்புக் கட்டி போல ஆகிவிடும். இத்தாலிய மொழியில் அதற்கு வைத்த பெயரும் சுண்ணாம்பை வைத்துத்தான். தமிழ்நாட்டுப் பட்டு விவசாயிகளும் அதைச் 'சுண்ணாம்புக் கட்டி நோய்' என்றே சொல்கிறார்கள்.

பாஸ்ஸி 1807 வாக்கில் ஆராய்ச்சியைத் தொடங்கினார். நோய் புழுவுக்குள் தானாக உண்டாகிறது என்று நினைத்துப் பல ஆண்டுகள் தோற்றார். பிறகுதான் அந்த வெள்ளை மாவே நோயைப் பரப்புகிறது, அது ஓர் உயிருள்ள பூஞ்சை என்று கண்டார். 1834-ல் பாவியா பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் முன்னிலையில் செய்து காட்டி, 1835-ல் புத்தகமாக வெளியிட்டார். ஒரு நுண்ணுயிர் ஒரு விலங்குக்கு நோயை உண்டாக்கும் என்பதற்கு முதல் நிரூபணம் இதுதான். பாஸ்டர், கோக் எல்லோரும் பின்னால் வந்தவர்கள். அந்தப் பூஞ்சைக்கு இன்று 'பவேரியா பேசியானா' என்று பாஸ்ஸியின் பெயரே இருக்கிறது. உரக்கடைகளில் பூச்சிக்கொல்லியாக விற்கும் அதே பவேரியாதான்!

பாஸ்ஸி சொன்ன தீர்வு முக்கியமானது. நோய் கண்ட புழுக்களைப் பிரி, கருவிகளைக் கிருமி நீக்கம் செய், வளர்ப்பு வீட்டைச் சுத்தமாக வை. அதாவது மருந்து புழுவுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கும்!

மைக்ரோஸ்கோப் வந்த கதை

அடுத்த அடி பிரான்சில் விழுந்தது. 1853-ல் சுமார் 2.6 கோடி கிலோ பட்டுக்கூடு விளைந்த நாட்டில், பெப்ரின் என்ற இன்னொரு நோயால் அடுத்த பன்னிரண்டு ஆண்டுகளில் விளைச்சல் அதில் ஒரு சிறு பங்காகச் சுருங்கியது. 1865-ல் லூயி பாஸ்டர் தெற்கே அலேஸ் நகருக்கு அனுப்பப்பட்டார். அதுவரை அவர் பட்டுப்புழுவைத் தொட்டதுகூட இல்லை.

1870-ல் அவர் வெளியிட்ட ஆய்வின் சாரம் எளிமையானது. ஒவ்வொரு தாய் அந்துப்பூச்சியையும் தனித்தனியாக முட்டையிட வை. பிறகு அந்தத் தாயை நசுக்கி மைக்ரோஸ்கோப்பில் பார். நோய்த் துகள் தெரிந்தால் அந்த முட்டைகளை அழித்துவிடு. தெரியாவிட்டால் விற்கலாம். பெப்ரினை உண்டாக்கும் நுண்ணுயிரையும் இன்று விஞ்ஞானிகள் பூஞ்சைகளின் நெருங்கிய உறவாகவே பார்க்கிறார்கள்.

இந்த முறை இன்றும் நடக்கிறது. இந்தியாவில் மத்தியப் பட்டு வாரியச் சட்டம் 1948-ல் வந்தது. 2006-ல் அது திருத்தப்பட்டு, பட்டுப்புழு முட்டைகளின் தரச் சான்று சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. முட்டை வித்தகங்களில் தாய்ப் பூச்சியைச் சோதித்து 'நோயற்ற முட்டைத் தொகுதி' என்று விற்கிறார்கள். ஒவ்வொரு வளர்ப்புக்கு முன்பும் புழு வளர்ப்பு மனை பிளீச்சிங் பவுடராலும் சுண்ணாம்பாலும் கழுவப்படுகிறது. கடைசிப் பருவப் புழுக்களுக்குக் காற்றின் ஈரப்பதம் 70 முதல் 75 சதவீதம் வரை இருந்தால் போதும் என்று கணக்கு இருக்கிறது. மழை நாளில் ஈரத்தை இழுக்கப் படுக்கையில் சுண்ணாம்புத் தூள் தூவுகிறார்கள்.

நூலுக்கும் ஒரு பரிசோதனை

புழுவுக்கு அடுத்து நூல். பட்டு தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வரை ஈரத்தை இழுத்துக்கொள்ளும், தொட்டால் ஈரமாகவும் தெரியாது. வியாபாரிக்கு இதைவிட வசதி வேறு என்ன வேண்டும்? தண்ணீரைப் பட்டு விலைக்கு விற்கலாமே!

இதைத் தடுக்கத்தான் ஐரோப்பாவில் பட்டு ஈரச் சோதனை நிலையங்கள் வந்தன. பிரான்சின் லியோன் நகரில் 1805-ல் அது பொது நிறுவனமாகவே அமைந்தது. நூலை அடுப்பில் காயவைத்து எடை போட்டு, அதோடு 11 சதவீதம் ஈரத்தைக் கூட்டி, அதுதான் விற்பனை எடை என்று வைத்தார்கள். இன்றும் உலக வழக்கு அந்த 11 சதவீதம்தான். காய்ந்த எடை 100 கிலோ என்றால் 111 கிலோவுக்குப் பணம் தரலாம். மூட்டை 120 கிலோ காட்டினால், 9 கிலோ தண்ணீருக்குப் பணம் கேட்கிறார்கள் என்று அர்த்தம்.

நெய்து முடித்த சேலைக்கும் பரிசோதனை உண்டு. தூய பட்டுதானா என்று சொல்ல 2004-ல் 'சில்க் மார்க்' முத்திரை வந்தது.

மனிதர் வீட்டுக்கு எப்போது?

மனிதர் வீடு கடைசியாகத்தான் வந்தது. 2001-ல் அமெரிக்காவின் டெக்சாஸில், நீர்க்கசிவால் பூஞ்சை பிடித்த வீட்டுக்காகக் காப்பீட்டு நிறுவனம் 3.2 கோடி டாலர் தர வேண்டும் என்று ஜூரி தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் அது சுமார் 40 லட்சமாகக் குறைந்தது. ஆனால் நாடு முழுக்கப் பூஞ்சைப் பயம் பிடித்துக்கொண்டது, பரிசோதகர்களும் பெருகினார்கள். 2003-ல் டெக்சாஸ் அவர்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. அதில் ஒரு நல்ல விதி, ஒரே வேலையில் சோதிக்கும் நிறுவனமே சுத்தம் செய்யும் நிறுவனமாக இருக்கக் கூடாது. கணக்கு எழுதுபவரே தணிக்கையும் செய்தால் என்ன ஆகும் என்று தெரிந்தவர்களுக்கு இதன் அருமை புரியும்.

2009-ல் உலக சுகாதார நிறுவனம் வீட்டு ஈரத்தையும் பூஞ்சையையும் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. ஈரமான, பூசணம் பிடித்த வீட்டில் இருப்பவர்களுக்கு இருமல், இழுப்பு, ஆஸ்துமா போன்ற தொல்லைகள் அதிகம் என்றது. காற்றில் இத்தனை வித்துகள் வரை பரவாயில்லை என்று எண் எதையும் அது தரவில்லை. ஈரத்தைத் தடுங்கள், அதுதான் வழி என்றது. கண்ணுக்கே பூசணம் தெரிந்தால் பெரும்பாலும் ஆய்வுக்கூடச் சோதனை தேவையில்லை என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் நிறுவனமும் சொல்கிறது. என்ன பூஞ்சை என்பதைவிட, தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதே முக்கியம். நனைந்த பொருள் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் காய்ந்துவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை வளராது.

இங்கிலாந்தின் ராச்டேல் நகரில் 2020-ல் ஓர் இரண்டு வயதுக் குழந்தை, பூஞ்சை படர்ந்த வாடகை வீட்டில் வாழ்ந்ததால் வந்த சுவாசக் கோளாறில் இறந்தது. அதன் பெயரிலேயே 'அவாப் சட்டம்' வந்து, 2025 அக்டோபரில் அங்கே சமூக வீட்டு வாடகைதாரர்களுக்கு நடைமுறைக்கு வந்தது. கடுமையான ஓதம், பூஞ்சை பற்றிப் புகார் வந்தால் வீட்டு உரிமையாளர் 10 வேலை நாட்களுக்குள் விசாரிக்க வேண்டும்.

இந்தியாவில் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. உரிமம் பெற்ற பரிசோதகர் முறையும் இல்லை.

போகியும் சுண்ணாம்பும்

அதற்காக நம் ஊரில் ஒன்றுமே இருந்ததில்லை என்று சொல்லிவிட முடியாது. மார்கழி கடைசியில் போகி. பழையதைக் கழித்து, பரணைக் காலி செய்து, வீட்டுக்கு வெள்ளை அடிப்பார்கள். காலத்தைக் கவனியுங்கள். வடகிழக்கு மழை முடிந்தவுடன் வருகிறது! மூலை முடுக்கெல்லாம் பார்க்கும் ஆண்டுப் பரிசோதனை அது. சுண்ணாம்பின் கடும் காரத்தன்மையில் பூஞ்சை எளிதில் வளராது, சுவரில் ஏறிய ஈரமும் அதன் வழியாக வெளியேறும். புழு வளர்ப்பு மனையில் தூவுவதும் அதே சுண்ணாம்புதான். இன்று அந்த இடத்தைப் பிளாஸ்டிக் கலந்த பெயின்ட் பிடித்துக்கொண்டது. ஈரம் உள்ளேயே அடைபட்டு, பெயின்ட் உப்பிக்கொண்டு உரிகிறது.

செலவில்லாத சோதனைகளும் உண்டு. சுவரில் பூத்த வெள்ளையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள், கரைந்தால் உப்பு, கரையாவிட்டால் பூசணமாக இருக்கலாம். தரையில் ஒரு பாலிதீன் தாளை நான்கு பக்கமும் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அடியில் நீர் கோத்திருந்தால் ஈரம் தரைக்குள்ளிருந்து ஏறுகிறது. கூரையை மட்டும் அடைத்துப் பயன் இல்லை.

மொத்தக் கணக்கையும் ஒருமுறை கூட்டிப் பாருங்கள். முட்டைக்குப் பரிசோதனை இருக்கிறது. புழுவின் வீட்டுக்கு இருக்கிறது. நூலின் ஈரத்துக்கு சதவீதக் கணக்கு இருக்கிறது. சேலைக்கு முத்திரை இருக்கிறது. இந்தச் சங்கிலியில் ஈரமானி வைத்துப் பார்க்காத இடம், அந்தச் சேலையை நெய்கிறவர் கால் வைத்திருக்கும் குழியும் அவர் குழந்தை படுத்திருக்கும் சுவரோரமும்தான். காரணம் விஞ்ஞானம் தெரியாதது அல்ல. புழு செத்தால் நஷ்டம் யாருடையது என்று வியாபாரத்துக்குத் தெரியும். நெசவாளியின் இருமல் யார் கணக்கிலும் செலவாக எழுதப்படுவதில்லை.

நெசவாளர்களுக்குப் பணிக்கூடம், வீடு என்று அரசுத் திட்டங்கள் பல வந்திருக்கின்றன. அவற்றோடு ஆண்டுக்கு ஒருமுறை, மழை முடிந்ததும், ஓர் ஈரமானியோடு ஒருவர் ஒவ்வொரு தறி வீட்டுக்கும் போய்ப் பார்த்துவிட்டு வந்தால் ஆகும் செலவு பெரிதல்ல. புழுவுக்கு 1870-லேயே கிடைத்த மரியாதைதான் அது. மனிதருக்கும் கிடைக்கட்டுமே!