கதிர்காமப் பாதயாத்திரையும் வழித்துணையும்

தலயாத்திரையின் பயன் தலத்தை அடைந்த பின்னரே கிட்டும் என எண்ணுவோர் உளர். கால்நடையாகச் செல்லும் அடியார்க்கோ அப்பயன் வழியிலேயே கைகூடத் தொடங்குகிறது. முன்பின் அறியாதார் ஒருவர்க்கொருவர் துணையாகும் அன்பே அது. ஈழத்துக் கதிர்காமப் பாதயாத்திரையின் வரலாறு இதற்குச் சிறந்த சான்றாகும்.

அருணகிரிநாதர் திருப்புகழில் போற்றிய கதிர்காமம், இலங்கையின் தென்கிழக்குக் காட்டில் மாணிக்க கங்கைக் கரையில் விளங்குவது. வடக்கே தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் புறப்படும் அடியார்கள், வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, மண்டூர், திருக்கோயில், உகந்தை எனக் கீழைக் கரையோரமாக ஒன்றரை மாதத்திற்கு மேல் நடந்து, ஆடித் திருவிழாவிற்கு அங்கே சேர்வர். யாழ்ப்பாணத்து யோகசுவாமிகளும் 1910-ஆம் ஆண்டளவில் இத்தலத்திற்கு நடந்தே சென்றார் என்பர்.

புறப்படுங்கால் கூட்டம் சிறியதே. வேல் முன்செல்ல, ஊர்தோறும் சிலர் வந்து சேர்வர். மட்டக்களப்பைக் கடந்தபின் அது பெருந்திரளாகும். சேர்ந்த கணமே ஒவ்வொருவரும் 'சாமி' ஆவர். ஆசிரியரும் உழவரும், முதியவளும் சிறுவனும் அச்சொல்லாலேயே அழைக்கப்படுவர். குலமும் செல்வமும் கேட்பாரில்லை. கால் கொப்பளித்ததா, உணவு உண்டாயிற்றா என்பதே கேள்வி. நடை தளர்ந்தவரின் மூட்டையை வேறொருவர் தம் தோளில் ஏற்றுக்கொள்வார். கோயில் மண்டபங்களில் இரவு தங்கும்போது ஒரே பானைச் சோறு பலர்க்கும் பகிரப்படும். வழியூர் மக்களும் வாசலில் தண்ணீரும் மோரும் வைத்துக் காத்திருப்பர்.

உகந்தைக்கு அப்பால் இத்துணையின் அருமை நன்கு விளங்கும். அங்கிருந்து குமண, யால வனங்களின் ஊடாகப் பல நாள் நடக்க வேண்டும். யானையும் கரடியும் உலவும் அவ்வழியில் நீர் கிடைக்குமிடம் சிலவே. பன்முறை நடந்த மூத்த அடியார்கள் நீர்நிலைகளைப் புதியோர்க்குக் காட்டுவர். இரவில் தீ மூட்டி முறைவைத்துக் காவலிருப்பர். அக்காட்டில் தனித்துச் செல்வோன் அஞ்சுவான். கூடிச் செல்வோர் பாடுவர்.

அவ்வழியில் சிங்கள பௌத்தரும் நடப்பதுண்டு. தமிழர் 'அரோகரா' என்பதை அவர் 'ஹரோஹரா' என்பர். ஒருவர் மொழியை மற்றவர் அறியாராயினும், எதிர்ப்படும்போது அவ்வொரு சொல்லே இரு சாராரின் முகத்தையும் மலரச் செய்யும். கதிர்காமத்தில் முருகன் ஆலயத்தோடு இஸ்லாமியர் பள்ளிவாசலும் உள்ளது. வள்ளிநாயகியைத் தம் குலக்கொடியாகக் கொண்ட வேடர் மக்களும் அங்கு வழிபடுவர். பலரும் கூடும் இடத்திற்குச் செல்லும் வழி, பலரையும் கூட்டுவிப்பதும் இயல்பே.

இவ்வழிக்கு இடையூறுகள் பல நேர்ந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாந்திபேதிக்கு அஞ்சிய ஆங்கில அரசு, அனுமதிச் சீட்டு முறையால் யாத்திரிகரைக் கட்டுப்படுத்திற்று. 1908 முதல் 1911 வரை அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த எழுத்தாளர் லெனார்டு உல்ஃப், கதிர்காம யாத்திரையை மேற்பார்வையிடும் பொறுப்பையும் ஏற்றிருந்தார். பின்னர்ச் சாலையும் பேருந்தும் வந்தமையால் நடப்போர் தொகை குறைந்தது. 1983-இல் மூண்ட போர் வடக்கிலிருந்து செல்லும் நெடுவழியையே அறுத்துவிட்டது. பிறர்மேல் ஐயங்கொண்டு மக்கள் வாழ்ந்த அந்நாளில், அறியாதாரை நம்பி நடத்தல் எளிதன்று. ஆயினும் 1988-இல் சிறு குழுவினர் பாதயாத்திரையை மீண்டும் தொடங்கினர். 2009-இல் போர் ஓய்ந்தபின், செல்வச்சந்நிதியிலிருந்து நடக்கும் வழக்கமும் புத்துயிர் பெற்றது.

அறுந்த வழியை மீண்டும் இணைத்தது எது? ஆணையுமன்று, பொருளுமன்று. 'வாருங்கள் சாமி' என்று அழைத்த வாயும், கஞ்சி வார்த்த கையுமே அதனை இணைத்தன. துணையாக வந்தவர் திருவிழா முடிந்ததும் பிரிந்து தத்தம் ஊர் செல்வர். ஆயினும் அடுத்த ஆண்டு வழியில் ஒருவரை ஒருவர் தேடுவர்.

கோபுரம் எழுப்பிக் குடமுழுக்காட்டுவோரும், வழிநடப்போர்க்கு நிழலும் நீரும் அளிப்போரும் செய்வது ஒரே திருத்தொண்டாகும். கோயில் அடியாரை நோக்கி நிற்கிறது. அடியார் கோயிலை நோக்கி நடக்கின்றனர். இடையில் உள்ள தொலைவை அன்பே நிரப்புகிறது. அவ்வன்பு தழைக்க வேலவன் திருவருள் புரிவானாக.