வீட்டைச் சுற்றிச் சந்து வந்த கதை

பொம்மிடி போன்ற ஊர்களின் பழைய தெருக்களில் வீடுகள் ஒட்டியே நிற்கும். ஒரே பொதுச்சுவரின் மேல் இரண்டு வீட்டு உத்திரங்களும் உட்கார்ந்திருக்கும். வெளிச்சம் முற்றத்தின் வழியே இறங்கியதால் பக்கத்தில் சந்து தேவைப்படவில்லை. முற்றத்தை மூடி மாடி எழுப்பத் தொடங்கிய பிறகுதான் காற்றும் வெளிச்சமும் பக்கவாட்டிலிருந்து வரவேண்டியதாயிற்று. மனையின் ஓரங்களில் இவ்வளவு இடம் விட்டுத்தான் சுவர் எழுப்பலாம் என்ற விதியை இன்று கொத்தனார் முதல் இன்ஜினியர் வரை 'செட்பேக்' என்கிறார்கள்.

1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தில் இதன் சாயல் உண்டு. ஒரு ஜன்னல் வழியே 20 ஆண்டுகள் தடையின்றி வெளிச்சமும் காற்றும் வந்திருந்தால், பக்கத்து மனைக்காரர் அதை அடைத்துவிட முடியாது. ஆனால் நேற்றுக் குடிவந்தவருக்கு அது உதவாது. 1896இல் பம்பாயைப் பிளேக் தாக்கியபோது, வெயில் படாத நெரிசல் குடியிருப்புகள் மீது அரசின் பார்வை திரும்பியது. 1898இல் அங்கே நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. அதன் தலைவர் ஜே.பி. ஓர் வலியுறுத்தியது 63½ பாகை விதி. எளிதாகச் சொன்னால், முன்னால் 5 அடி திறந்தவெளி இருந்தால் சுவர் 10 அடிக்கு மேல் போகக்கூடாது. கீழ்த்தள அறைக்கும் வானம் தெரிய வேண்டும் என்ற கணக்கு அது. சென்னை மாகாணத்துக்கு 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1971ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம்.

விதி பிறந்த இடத்தில் விலக்கும் பிறக்கும். கோணல் மனை, முன்னும் பின்னும் சாலை, மண்வெட்டி இறங்காத பாறை என்று நிலமே ஒத்துழைக்காத இடங்கள் இருக்கின்றன. 1916இல் மண்டல விதி கொண்டுவந்த நியூயார்க் நகரம் இதற்கென்று ஒரு மேல்முறையீட்டு வாரியத்தையே வைத்தது. இடைஞ்சல் மனையால் வந்ததா, உரிமையாளரின் ஆசையால் வந்ததா என்பதே அத்தகைய வாரியங்கள் கேட்கும் முதல் கேள்வி. நம் சட்டத்தின் 113ஆம் பிரிவோ எந்த நிலத்துக்கும் எந்தக் கட்டடத்துக்கும் விலக்கு அளிக்கலாம் என்று அரசுக்குப் பரந்த அதிகாரம் தந்தது. என்ன பார்த்துத் தர வேண்டும் என்று ஒரு வரிகூட அதில் இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது சென்னையின் கன்ஸ்யூமர் ஆக்ஷன் குரூப் தொடுத்த வழக்கு. 1987 ஜூலை முதல் 1988 ஜனவரி வரை இந்தப் பிரிவின் கீழ் வெளிவந்த 62 விலக்கு ஆணைகளை அது உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோனது. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. பிரிவு செல்லும்; ஆணைகள் செல்லாது. விலக்குத் தரும் அதிகாரம் சட்டத்தின் நோக்கத்துக்குள் அடங்கியது, காரணம் இல்லாமல் அதைப் பயன்படுத்த முடியாது என்றது நீதிமன்றம். விதிமீறிய பழைய கட்டடங்களைக் கட்டணம் வாங்கி வரன்முறைப்படுத்தும் 113-ஏ பிரிவை ஒருமுறை ஏற்பாடு என்று விட்டுவைத்தது. அதையும் அரசு மீண்டும் மீண்டும் நீட்டிக்க, 2006இல் உயர் நீதிமன்றம் நீட்டிப்புகளை ரத்து செய்தது. சலுகை கேட்பவரின் எதிரில் அவருடைய பக்கத்து வீட்டுக்காரரையும் நிறுத்திய தீர்ப்பாகத்தான் 2000ஆம் ஆண்டுத் தீர்ப்பை நான் படிக்கிறேன்.

2019 பிப்ரவரியில் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் வந்தன. அதற்கு முன் ஊராட்சிக்கு ஒரு விதி, நகராட்சிக்கு ஒரு விதி. இப்போது பொம்மிடி மனைக்கும் பக்கத்து பொ.மல்லாபுரம் பேரூராட்சி மனைக்கும் ஒரே புத்தகம்தான். 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடிக்குள் மனையும் 3,500 சதுர அடிக்குள் வீடும் என்றால் உரிமையாளரே சுயசான்று தந்து உடனடி அனுமதி பெறலாம். வரவேற்க வேண்டிய வசதி. ஆனால் விதிப்படி இடம் விட்டவருக்குத்தான் அந்த வழி.

விட முடியாதவர் தளர்வு கேட்கும்போது கோப்பைப் பார்ப்பவர் சர்வே வரைபடத்தோடு மனையில் போய் நிற்க வேண்டும். எத்தனை அங்குலம் குறைகிறது, அதைவிடக் குறைவாகக் கேட்டால் வீடு நிற்காதா, எதிர் ஜன்னலின் வெயில் போகுமா, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் விழும், தீப்பிடித்தால் பின்கட்டுக்கு ஆள் போக வழி உண்டா என்று பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரரின் கருத்தையும் எழுத்தில் வாங்க வேண்டும். அவர் சம்மதித்தால் மட்டும் போதாது. நாளை அந்த வீட்டை வாங்குபவருக்கும் காற்று வேண்டும். தளர்வு கொடுத்தாலும் மறுத்தாலும், காரணம் ஆணையிலேயே இருக்க வேண்டும்.