நொதித்தல் வேறு, காய்ச்சுதல் வேறு: வீட்டு பியர், பனங்கள்ளு, கசிப்பு

புலம்பெயர்ந்த நாடுகளில் வார இறுதியில் வீட்டிலேயே பியர் செய்வது பலருக்குப் பொழுதுபோக்கு. லண்டனிலோ ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ அதற்கான சாமான்களை விற்கும் கடைகள் உண்டு. அங்குள்ள எம்மவர் சிலரும் இதில் இறங்கியிருக்கிறார்கள். இந்தச் செய்தி ஊருக்கு வந்து சேரும்போது "அங்கே வீட்டிலேயே காய்ச்சலாமாம்" என்று மாறிவிடுகிறது. சிக்கல் அந்தச் சொல்லில்தான் தொடங்குகிறது. பியர் காய்ச்சப்படுவதில்லை, நொதிக்க வைக்கப்படுகிறது. கசிப்புத்தான் காய்ச்சப்படுவது. இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைத் தெரிந்து வைத்திருப்பது சட்டத்துக்கும் உயிருக்கும் நல்லது.

பனங்கள்ளை அறிந்தவர்களுக்கு நொதித்தலை விளக்குவது கடினமல்ல. பாளையிலிருந்து வடியும் பதநீர் இனிப்பானது. முட்டிக்குள் சுண்ணாம்பு பூசினால் அது கருப்பநீராகவே இருக்கும், காய்ச்சினால் பனங்கட்டியாகும். சுண்ணாம்பு பூசாவிட்டால் முட்டியில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் மதுவம் அந்தச் சீனியைத் தின்று அற்ககோலையும் காபனீரொட்சைட்டையும் வெளிவிடும். காலையில் இறக்கும்போது நுரைத்துக்கொண்டிருப்பது அதனால்தான். யாரும் எதையும் சேர்க்கவில்லை. மரமே சீனியைத் தருகிறது, முட்டி மதுவத்தைத் தருகிறது.

பியருக்கு இந்த வசதி இல்லை. பார்லித் தானியத்தில் இருப்பது சீனியல்ல, மாப்பொருள். மதுவத்தால் மாப்பொருளை நேரடியாகத் தின்ன முடியாது. ஆகவே முதலில் தானியத்தை ஊறவைத்து முளைகட்ட விடுகிறார்கள். முளைக்கும் தானியம் தன் குருத்துக்கு உணவு கொடுப்பதற்காக மாப்பொருளைச் சீனியாக்கும் நொதியங்களை உருவாக்கிக்கொள்கிறது. முளை நீள்வதற்குள் உலர்த்திவிட்டால் நொதியங்கள் உள்ளே தங்கிவிடும். இதுதான் மோல்ற். முளைவிட்ட குரக்கனை உலர்த்தி இடித்து மாவாக்குவதும் இதே வேலைதான். இமயமலைப் பக்கத்தில் குரக்கனிலிருந்து செய்யப்படும் சாங் என்ற பானம் பியரின் உறவுதான்.

வீட்டில் செய்பவர் மோல்றை உடைத்து 65 முதல் 68 பாகை செல்சியஸ் வரையான வெந்நீரில் ஏறக்குறைய ஒரு மணிநேரம் ஊறவைக்கிறார். இந்த வெப்பநிலையில்தான் வேலையின் பாதி இருக்கிறது. கூடிவிட்டால் நொதியம் அழியும், குறைந்தால் வேலை மந்தமாகும். மாப்பொருள் சீனியானதும் அந்த இனிப்பு நீரை வடித்தெடுத்து இன்னொரு மணிநேரம் கொதிக்க வைத்து, ஹொப்ஸ் என்ற கொடியின் பூவைச் சேர்க்கிறார்கள். பியரின் கசப்பும் மணமும் அதிலிருந்து வருபவை. அது கிருமிகளைத் தடுக்கும் என்பதால் பானமும் கெடாமல் இருக்கிறது. ஜேர்மனியின் பவேரியாவில் 1516இல் வந்த ஆணை பியருக்குத் தண்ணீர், பார்லி, ஹொப்ஸ் ஆகிய மூன்றை மட்டுமே அனுமதித்தது. மதுவம் அதில் இல்லை. அப்படியோர் உயிர் இருப்பதே அன்று எவருக்கும் தெரியாது. நொதித்தலைச் செய்வது உயிருள்ள நுண்கலங்கள்தான் என்பதை லூயி பாஸ்ரர் 19ஆம் நூற்றாண்டில் நிறுவினார். பியரைப் பற்றிய அவருடைய நூல் 1876இல் வந்தது.

கொதித்த நீரை விரைவாக 20 பாகை அளவுக்குக் குளிர்த்தி, மூடிய வாளி ஒன்றில் ஊற்றி, உலர்ந்த மதுவத்தைத் தூவுகிறார்கள். பொதுவாக 20 லீற்றருக்கு 11 கிராம் கொண்ட ஒரு சிறு பை போதும். மூடியில் தண்ணீர் நிரப்பிய சிறு வளைகுழாய் இருக்கும். உள்ளிருக்கும் வாயு அதன் வழியே குமிழியாக வெளியேறும், வெளிக்காற்று உள்ளே வராது. ஒன்று இரண்டு கிழமைகளில் குமிழி அடங்கும். இவ்வளவு பாடுபட விரும்பாதவர்கள், பாகாகச் சுண்டவைத்த மோல்ற் தகரத்தில் வருவதை வாங்கி வெந்நீரில் கரைக்கிறார்கள். புதிதாகத் தொடங்குபவர்களில் பெரும்பாலானவர்களின் வழி அதுவே. அதில் குறை ஒன்றும் இல்லை.

எவ்வளவு அற்ககோல் இருக்கிறது என்பதை நாக்கு சொல்லாது, நீரமானி சொல்லும். சீனி கரைந்த நீர் வெறும் நீரைவிட அடர்த்தியானது. சீனி அற்ககோலாக மாற மாற அடர்த்தி குறையும். தொடக்கத்தில் 1.045 ஆக இருந்த அளவு இறுதியில் 1.010 ஆனால் வித்தியாசம் 0.035. அதை 131ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 4.6 வீதம். நொதித்த பனங்கள்ளின் அளவும் இதற்குக் கிட்டத்தான் நிற்கும்.

பிறகு போத்தலில் அடைப்பது. லீற்றருக்கு 6 முதல் 7 கிராம் சீனி சேர்த்து மூடினால் மிஞ்சியிருக்கும் மதுவம் அதையும் தின்று, வெளியேற வழியில்லாத வாயு பானத்துக்குள் கரையும். பியரின் நுரை அதுதான். நொதித்தல் முடியும் முன்பே அவசரப்பட்டு அடைத்தாலோ, சீனியை அளக்காமல் அள்ளிப் போட்டாலோ போத்தல் வெடிக்கும். கண்ணாடிச் சில்லு கண்ணில் தெறித்துக் காயப்பட்டவர்கள் உண்டு. நீரமானி இரண்டு மூன்று நாட்களுக்கு ஒரே அளவைக் காட்டிய பின்னரே அடைக்க வேண்டும்.

இந்தப் பொழுதுபோக்கில் செலவாகும் நேரத்தில் பெரும் பகுதி கழுவுவதற்கே போகிறது. மதுவம் வளரும் இனிப்பு நீரில் மற்றக் கிருமிகளும் வளரும். வாளி, குழாய், போத்தல் எல்லாவற்றையும் கழுவியதோடு நிற்காமல் கிருமிநீக்கியிலும் அலச வேண்டும். கழுவச் சலிப்பவர்களுக்கு இந்த வேலை பொருந்தாது.

அடுத்த சிக்கல் வெப்பம். பியருக்கான சாதாரண மதுவ வகைகள் 18 முதல் 22 பாகை வரை நன்றாக வேலை செய்யும். 30 பாகையைத் தாண்டினால் அவற்றில் பல தலையிடி தரும் கனமான அற்ககோல்களைக் கூடுதலாக உண்டாக்கும். இதற்கு ஒரு விதிவிலக்கு நோர்வேயில் இருக்கிறது. மேற்கு நோர்வேயின் வொஸ் போன்ற பகுதிகளில் பண்ணை வீட்டார் தலைமுறை தலைமுறையாகக் கைமாற்றி வந்த மதுவத்தின் பெயர் குவைக். ஒவ்வொரு முறையும் அடியில் தங்கும் மதுவத்தை மர வளையத்தில் தோய்த்து உலரவிட்டு, அடுத்த முறைக்கு அதை அப்படியே இனிப்பு நீருக்குள் போடுவார்கள். இந்த மதுவம் 30 முதல் 40 பாகை வரையான சூட்டிலும் கெட்ட சுவை தராமல் இரண்டொரு நாட்களில் வேலையை முடிக்கும். லார்ஸ் மாரியுஸ் கார்ஷோல் என்ற நோர்வே எழுத்தாளர் இந்தப் பண்ணைகளுக்குப் போய்ப் பதிவுசெய்த பிறகே உலகம் இதைக் கவனித்தது. குளிர்நாட்டுப் பண்ணையாரின் மர வளையமும் எங்கள் சீவல் தொழிலாளியின் முட்டியும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கின்றன. முதலாவதற்கு இன்று உலகச் சந்தை இருக்கிறது.

சட்டத்துக்கு வருவோம். பிரித்தானியாவில் 1880இல் கிளாட்ஸ்ரன் கொண்டுவந்த மாற்றத்துக்குப் பின் வீட்டில் பியர் செய்பவரும் அனுமதிப்பத்திரம் எடுக்க வேண்டியிருந்தது. அந்த நிபந்தனை 1963இல்தான் நீங்கியது. அமெரிக்காவில் மதுவிலக்கு 1933இல் முடிந்தபோது வீட்டில் வைன் செய்ய வழி விடப்பட்டது, பியருக்கு விடப்படவில்லை. ஜனாதிபதி காட்டர் 1978இல் ஒப்பமிட்ட சட்டம் அதைச் சரிசெய்தது. வளர்ந்தவர் ஒருவர் மட்டும் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 100 கலன், இருவர் அல்லது அதற்கு மேல் உள்ள வீட்டுக்கு 200 கலன். அலபாமாவும் மிசிசிப்பியும் தங்கள் மாநிலச் சட்டத்தை மாற்ற 2013 வரை எடுத்தன. இந்தச் சலுகைகள் சொந்தப் பாவனைக்கு மட்டும், விற்பனைக்கு அல்ல. பிரித்தானியா, அமெரிக்கா, நோர்வே எல்லாவற்றிலும் வீட்டில் நொதிக்க வைக்கலாம், அனுமதியின்றி வடிசாராயம் எடுக்க முடியாது. 1996இலிருந்து அதையும் அனுமதித்திருக்கும் நியூசிலாந்து அரிதான விதிவிலக்கு.

இலங்கையில் நிலைமை வேறு. இங்கே 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. அனுமதிப்பத்திரம் இல்லாமல் மதுபானம் செய்வதும், செய்வதற்கான உபகரணங்களை வைத்திருப்பதும் குற்றம். சொந்தப் பாவனைக்கான வீட்டு பியருக்கு மேலைநாடுகளில் உள்ளது போன்ற தனிச் சலுகை இல்லை. விடுமுறைக்கு ஊருக்கு வருபவர் மோல்ற் தகரத்தையும் மதுவப் பையையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்து "அங்கே இது சட்டப்படி சரி" என்று சொன்னால் அது இங்கே எடுபடாது. மாட்டிக்கொள்ளப் போவது பெரும்பாலும் அவரல்ல, அவர் தங்கியிருக்கும் வீட்டுக்காரர்.

தன் வளவுப் பனையில் கள்ளுச் சீவுவதும் அனுமதிக்கு உட்பட்டதே. தவறணைகளைக் குத்தகைக்கு விட்ட பழைய முறைக்குப் பதிலாக 1970களின் தொடக்கத்தில் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. சீவுபவர் சங்கத்துக்குக் கள்ளை அளந்து கொடுக்க, சங்கம் விற்றது. தொழிலாளிக்கு இடைத்தரகர் பிடியிலிருந்து ஓரளவு விடுதலை கிடைத்தது இதில்தான். 1978இல் பனை அபிவிருத்திச் சபையும் அமைந்தது. பிறகு யுத்தம் வந்தது. பனைகள் செல்லடியில் தலையிழந்தன, பதுங்குகுழிகளுக்காகத் தறிக்கப்பட்டன. மரங்கள் நின்ற காணிகள் பாதுகாப்பு வலயங்களுக்குள் போயின. சீவல் தொழிலாளர் குடும்பங்கள் தொழில் செய்ய மரமே இல்லாத இடங்களில் அகதிகளாக இருந்தார்கள். இளையவர்கள் மரம் ஏற வராததற்கு ஆபத்தும் வருமானமும் மட்டுமல்ல, இந்தத் தொழிலின் மீது எங்கள் சமூகம் சுமத்திய சாதி இழிவும் காரணம். வெளிநாட்டில் வீட்டு பியர் செய்பவரைக் கெட்டிக்காரர் என்று பாராட்டும் அதே வாய், ஊரில் கள்ளுச் சீவுபவரை எப்படி அழைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும்.

கள்ளு கிடைக்காத இடத்தில் கசிப்பு வருகிறது. பொலிஸ் செய்திகளில் "கோடா மீட்பு" என்று அடிக்கடி வாசிக்கிறோமே, அந்தக் கோடா என்பது சீனியும் மதுவமும் கலந்து நொதித்துக்கொண்டிருக்கும் நீர். அந்த நிலை வரை அது பியருக்கும் கள்ளுக்கும் தூரத்து உறவுதான். அதை அடுப்பில் ஏற்றி ஆவியைக் குளிர்த்தி இறக்கும்போதுதான் கசிப்பாகிறது. அற்ககோல் பல மடங்கு செறிவாகும், அதோடு வேறு பொருட்களும் செறிவாகும். பீப்பாயில் முன்பு என்ன இருந்தது, குழாய் எந்த உலோகம், ஒட்டவைக்க ஈயம் பாவித்தார்களா என்பது குடிப்பவருக்குத் தெரியாது.

மெதனோல் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. தானியத்தையோ சீனியையோ நொதிக்க வைக்கும்போது உண்டாகும் மெதனோல் மிகச் சொற்பம். ஆகவே வீட்டு பியராலோ கள்ளாலோ கண் போகாது. கூட்டங்கூட்டமாக மக்கள் இறந்த சம்பவங்களில் பெரும்பாலும் நடந்தது, தொழிற்சாலைத் தேவைக்கான மெதனோலை யாரோ மலிவுக்காகச் சாராயத்தில் கலந்ததுதான். மெதனோலின் மணமும் சுவையும் சாதாரண அற்ககோலைப் போன்றவை, குடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. உடலுக்குள் அது போமிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்கும். இந்த மாற்றம் மெதுவாக நடப்பதால் அறிகுறிகள் தெரியப் பெரும்பாலும் 12 முதல் 24 மணிநேரம் வரை ஆகும். அதனால்தான் வெறி என்று நினைத்துப் படுக்க விட்டுவிடுகிறார்கள். குடித்த மறுநாள் பார்வை மங்குவது, பனிமூட்டத்துக்குள் பார்ப்பதுபோல் இருப்பது, வாந்தி, வயிற்றுவலி, வேகமாக மூச்சு வாங்குவது ஆகியவை வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும். மாற்று மருந்து உண்டு, நேரத்தோடு போனால் உயிரையும் பார்வையையும் காப்பாற்றலாம். கசிப்புக் குடித்ததை வைத்தியரிடம் மறைக்கக் கூடாது. எங்கே வாங்கியது என்பதைவிட எப்போது குடித்தார் என்பதுதான் அவருக்கு முதலில் தேவை.

நாலு, ஐந்து வீதம் என்பதால் வீட்டு பியரோ கள்ளோ எல்லோருக்கும் ஏற்றது என்று சொல்ல வரவில்லை. யுத்தத்துக்குப் பின் நித்திரை இல்லாமல் குடியில் தஞ்சமடைந்தவர்கள் உள்ள வீடுகள் எங்களிடம் ஏராளம். அப்படியான வீட்டில், அது ஒஸ்லோவில் இருந்தாலும், மூலையில் குமிழியிட்டுக்கொண்டிருக்கும் 20 லீற்றர் வாளியைப் பொழுதுபோக்கு என்று சொல்ல முடியாது.

நொதித்தலைத் தன் கையால் செய்துபார்க்கும் ஆசை மட்டுமே இருப்பவருக்கு ஊரில் அனுமதிப்பத்திரம் தேவையில்லாத வழி ஒன்று இருக்கிறது. தவறணையில் கொஞ்சம் புதுக்கள்ளு வாங்கி, அரைத்த அரிசிமாவில் விட்டுக் கலந்து மூடி, இரவு முழுக்க வைக்க வேண்டும். விடிய மாப் பொங்கி நிற்கும். பெரிய சட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் வழிந்துவிடும். அப்பச்சட்டியில் ஊற்றியதும் அற்ககோல் ஆவியாகப் போய், மதுவம் விட்ட வாயு அப்பத்தின் நடுவில் துளைகளாக நிற்கும்.