புங்க மரம்

அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்திய மண்ணின் மரம். சங்க நூல்களில் ‘புன்கு’. ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தமிழர் புங்கன் என்பதைத் தெலுங்கர் கானுக என்றும் கன்னடர் ஹொங்கே என்றும் அழைப்பர். வேனிலுக்கு முன் சில நாள் மொட்டையாக நின்று, யுகாதி நெருங்குகையில் பளபளக்கும் இளம்பச்சைத் தளிர் விடும். வெளிர் ஊதா கலந்த வெண்பூக்கள் உதிர்ந்து, மரத்தடி பொரி இறைத்த களம்போல் கிடக்கும், தேனீக்கள் மொய்க்கும்.

தட்டையான காய்க்குள் பெரும்பாலும் ஒரே விதை. அதன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு எண்ணெய். கசப்பும் நச்சுத்தன்மையும் உள்ளதால் சமையலுக்கு உதவாது. விளக்கெரிக்கவும் சோப்புக்கும் தோல் நோய் மருந்துக்கும் பயன்பட்டது. இன்று பயோடீசலுக்கும் மூலப்பொருள். பிண்ணாக்கும் தழையும் வயலுக்கு உரம். வேர்முடிச்சுகள் காற்றின் நைட்ரஜனை மண்ணில் சேர்க்கின்றன.

திருப்புன்கூர் சிவலோகநாதர் கோயிலின் தலமரம் இதுவே. வறட்சியையும் உவர்மண்ணையும் தாங்கி, அடர்ந்த நிழலும் தருவதால், 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தபின் தொழிற்சாலைகள் பெருகிய ஓசூரின் சாலையோரங்களுக்கு, அழகுக்காக நடப்படும் அயல் மரங்களைவிட இதுவே பொருத்தமானது. விதை நீண்டநாள் முளைப்புத்திறனோடு இராது. புதிய விதையையே விதைக்க வேண்டும்.