21 கிலோமீட்டர் மடிப்பிச்சை

கோவை மாரத்தானின் முதல் ஓட்டம் நடந்தது அக்டோபர் 2013ல். கோயம்புத்தூர் கேன்சர் ஃபவுண்டேஷனுக்காக நடக்கிற ஓட்டம் இது. புற்றுநோய் விழிப்புணர்வு, நோயாளிகளுக்கான உதவி என்று அந்த அமைப்பு செய்யும் வேலைகளுக்கு நிதி சேர்ப்பது நோக்கம். இந்த முறை அரை மாரத்தானுக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். ரேஸ் கோர்ஸ் நடைபாதை ஒரு சுற்று சுமார் இரண்டரை கிலோமீட்டர். அந்தக் கணக்கில் எட்டரைச் சுற்று. இருபது வருஷமாகக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தே தேய்ந்த முதுகுக்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

ஆனால் ஓடுவதைவிடக் கஷ்டமாக இருப்பது நன்கொடை கேட்பது. பெரியப்பாவிடம் கேட்டபோது, "ஏன் கண்ணு, பணம் குடுக்கறதுன்னா நேராக் கொண்டுபோய்க் குடுத்தறலாமல்ல? எதுக்கு வேர்க்க விறுவிறுக்க ஓடோணும்?" என்றார். நியாயமான கேள்வி. அதற்காகத் தேடிப் படித்ததில் சிலதை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த விசித்திரமான தூரம். 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் மாரத்தான் ஏறக்குறைய 40 கி.மீ.தான். 1908 லண்டன் ஒலிம்பிக்கில் விண்ட்சர் அரண்மனையில் புறப்பட்டு, ஸ்டேடியத்தில் அரச குடும்பம் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு முன்னால் முடிகிற மாதிரி பாதை போட்டார்கள். 42.195 கி.மீ. வந்தது. 1921ல் அதையே நிரந்தர அளவாக்கிவிட்டார்கள். அதில் பாதி 21.0975. ராஜா வீட்டு வசதிக்காக வந்த தசமப் புள்ளியை நாம் கோயம்புத்தூரில் ஓடிக்கொண்டிருக்கிறோம். இதில் தர்மம் எங்கேயும் இல்லை.

புற்றுநோய்க்காக ஓடுவது என்றால் டெர்ரி ஃபாக்ஸிடம்தான் போக வேண்டும். கனடாக்காரர். எலும்புப் புற்றுநோயால் 1977ல், 18 வயதில், வலது காலை முழங்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். 1980 ஏப்ரல் 12 அன்று செயற்கைக் காலோடு நாட்டின் கிழக்குக் கரையிலிருந்து மேற்குக் கரைக்கு ஓடக் கிளம்பினார். தினமும் கிட்டத்தட்ட ஒரு முழு மாரத்தான். ஆரம்பத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ஒண்டாரியோ வந்த பிறகுதான் கூட்டம் கூடியது. 143 நாளில் 5,373 கி.மீ. ஓடியிருந்தபோது நோய் நுரையீரலுக்குப் பரவியது தெரிந்து நிறுத்தினார். அவர் கேட்டது ஆளுக்கு ஒரு டாலர். அன்றைய கனடாவின் மக்கள்தொகை சுமார் 2.4 கோடி, 1981 பிப்ரவரியில் நிதி 2.4 கோடி டாலரைத் தாண்டியது. அந்த ஜூனில் இறந்தார், வயது 22.

அதே 1981ல் லண்டன் மாரத்தான் தொடங்கி, பிற்பாடு நிதி திரட்டும் பெரிய திருவிழாவாகவே ஆனது. 2004ல் மும்பை மாரத்தான் வந்தது. அந்த வழியில்தான் கோவையும்.

ஆனால் பெரியப்பாவுக்கான பதில் கனடாவில் இல்லை, நம்ம ஊரிலேயே இருக்கிறது. மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு மடிப்பிச்சை எடுப்பவர்களை எல்லோரும் பார்த்திருப்போம். வசதி இல்லாமல் எடுப்பதில்லை. காடு தோட்டம் உள்ளவர்களும் வீடு வீடாகப் போய், மடியேந்தி, கிடைத்த அரிசியையும் காசையும் கோயிலில் சேர்ப்பார்கள். பீரோவில் இருக்கும் பணத்தை எடுத்து உண்டியலில் போட்டால் நேர்த்திக்கடன் தீராது. நாலு பேரிடம் கை நீட்ட வேண்டும். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடக்கிற கொங்கு ஜனங்களுக்கும் பஸ் வசதி தெரியாமல் இல்லை. மடிப்பிச்சையில் கேட்பது காணிக்கை, பழனி நடையில் உடம்பின் கஷ்டம் காணிக்கை. இரண்டையும் சேர்த்தால் டெர்ரி ஃபாக்ஸ் செய்தது வந்துவிடுகிறது.

கடவுளை விட்டு சமூகக் காரியத்துக்காக இதைச் செய்தவர் காந்தி. ஹரிஜன நிதிக்காக 1933 நவம்பரில் கிளம்பியவர், 1934 பிப்ரவரியில் கோவைக்கு வந்து போத்தனூரில் ஜி.டி.நாயுடு வீட்டில் தங்கினார். மொத்தம் ஒன்பது மாதம், சுமார் 12,500 மைல், சுமார் 8 லட்சம் ரூபாய். ரயிலிலும் காரிலும் போய்க்கொண்டிருந்தவர், ஒரிசாவில் வண்டியை விட்டு இறங்கி நடக்க ஆரம்பித்துவிட்டார். கையெழுத்துக்குக் காசு, பெண்களிடம் வளையல், வந்த பரிசுப் பொருள் மேடையிலேயே ஏலம். கூச்சமே படவில்லை.

அதனால்தான், பதிவுக் கட்டணம் மட்டும் கட்டிவிட்டு "கேன்சருக்காக ஓடினேன்" என்று ஸ்டேட்டஸ் போடுவது எனக்கு ஒட்டவில்லை. கட்டணத்தில் டி-ஷர்ட், பதக்கம், டைமிங் சிப், வழியெல்லாம் தண்ணீர் என்று நமக்கே திரும்பி வருவது கொஞ்சமல்ல. காலை நாலரைக்கு எழுந்து பயிற்சி எடுப்பதும் நம் உடம்புக்கு நல்லதுதானே. அடுத்தவருக்கு என்று போய்ச் சேருவது, நாம் வாய்விட்டுக் கேட்டு வாங்கிய பணம்தான்.

எக்செல் ஷீட்டில் நாற்பது பெயர் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை கேட்டது பதினொரு பேரிடம். ஞாயிற்றுக்கிழமை ரேஸ் கோர்ஸில் ஆறு சுற்று முடித்துவிட்டு, அப்படியே சிங்காநல்லூர் சித்தப்பா வீட்டுக்குப் போக வேண்டும்.